யுத்தம் மூண்ட முப்பத்தேழு நாட்கள்

முதல் உலக மகாயுத்தம் எதனால் மூண்டது என்று பரீட்சையில் கேட்டால், 1914-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ஆம் தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டதனால் என்று ஒரே வரியில் விடையெழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடலாம். விடையில் பிழை இல்லை. ஆனால் அது பாதி விடைகூட ஆகாது. அந்தக் கொலை நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கும், இங்கிலாந்து ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்த ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவுக்கும் இடையே 37 நாட்கள் உள்ளன. யுத்தத்தைத் தடுத்திருக்கக்கூடிய தருணங்கள் அந்த நாட்களில் பல வந்தன. அவற்றையெல்லாம் ஐரோப்பாவின் மந்திரிகளும் சேனாதிபதிகளும் எப்படிக் கைநழுவ விட்டார்கள் என்பதையே மாணவர்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும்.

சரயேவோ, போஸ்னியா மாகாணத்தின் தலைநகரம். 1878 முதல் தன் நிர்வாகத்தில் இருந்துவந்த அந்த மாகாணத்தை 1908-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே திரளாக வாழ்ந்த ஸெர்பியர்களில் பலருக்கோ, எல்லைக்கு அப்பால் சுதந்திரமாக இருந்த ஸெர்பியா ராஜ்யத்தோடு ஒன்றாக வேண்டும் என்ற தாகம். இளவரசரின் விஜயத்துக்குக் குறித்த நாளும் பொல்லாத நாளாக அமைந்தது. 1389-இல் கொஸோவோ போர்க்களத்தில் தம் முன்னோர் துருக்கியரோடு பொருது மடிந்ததை ஸெர்பியர்கள் நினைவுகூரும் தினம் அது. அன்று காலை முதலில் ஒருவன் எறிந்த வெடிகுண்டு, இளவரசருடைய காரின் மடித்த மேற்கூரையில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த காரின் அருகே வெடித்தது. நகர மண்டபத்தில் வரவேற்பு முடிந்ததும், காயமுற்ற அதிகாரியை ஆஸ்பத்திரியில் கண்டுவிட்டே போவேன் என்று இளவரசர் சொன்னதனால், ஆற்றங்கரைச் சாலையோடு நேரே செல்வதென்று வழி மாற்றப்பட்டது. மாற்றத்தைக் காரோட்டிகளிடம் சொல்லத்தான் ஒருவரும் நினைக்கவில்லை. லத்தீன் பாலத்தருகே முன்வண்டி பழைய ஏற்பாட்டின்படி வலப்புறம் திரும்ப, இளவரசரின் காரும் பின்தொடர்ந்து திரும்ப, கவர்னர் போட்யோரெக் வழி தவறிவிட்டது என்று கூவ, காரோட்டி வண்டியை நிறுத்தினார். நின்ற இடத்திலிருந்து சில அடி தூரத்தில் 19 வயது மாணவனான காவ்ரிலோ பிரின்ஸிப் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டே குண்டுகள், இளவரசரும் அவர் மனைவி ஸோபியும் சிறிது நேரத்துக்குள் உயிர் நீத்தார்கள். இருபது வயது நிரம்பாதவன் என்பதால் அவனுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1918 ஏப்ரலில், யுத்தம் முடியுமுன்பே, காசநோயால் சிறையில் மாண்டான்.

கொலையாளிகளுக்கு ஆயுதம் கிடைத்தது ஸெர்பியாவில். அந்நாட்டு ராணுவ அதிகாரிகள் சிலரின் ரகசியச் சங்கம் அவர்களுக்கு உதவியிருந்தது. ஆகவே ஆஸ்திரியாவின் கோபத்தை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கோபத்தோடு உடனே ஸெர்பியாவைக் கேள்வி கேட்டிருந்தால் உலகத்தின் அனுதாபம் அதன் பக்கம் நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது காத்திருந்தது. ஜூலை 5-ஆம் தேதி, என்ன நேர்ந்தாலும் துணை நிற்போம் என்ற உறுதியை ஜெர்மானியச் சக்கரவர்த்தி கெய்ஸர் வில்ஹெல்மிடம் பெற்றுக்கொண்டது. ஆஸ்திரியச் சிப்பாய்களில் பலர் அறுவடைக்காக விடுமுறையில் ஊர் போயிருந்தார்கள். பிரான்ஸ் ஜனாதிபதி புவான்காரே அப்போது ருஷ்யத் தலைநகருக்கு விருந்தாளியாக வரவிருந்தார். அவர் அங்கிருந்து கப்பலேறும் வரை ஆஸ்திரியா பொறுத்திருந்து, ஜூலை 23 மாலை 6 மணிக்குப் பத்து நிபந்தனைகள் கொண்ட கடிதத்தை ஸெர்பியாவிடம் நீட்டியது. கெடு 48 மணி நேரம். கொலைபற்றி ஸெர்பிய மண்ணிலே நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கு கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எந்தச் சுதந்திர ராஜ்யமும் எளிதில் இசையக்கூடியதன்று.

ஸெர்பியத் தலைநகரான பெல்கிரேடில் 25-ஆம் தேதி பிற்பகல் மந்திரிகள் பதிலை எழுதுவதும் அடிப்பதும் திருத்துவதுமாக இருந்தார்கள். கடைசிப் பிரதியை அச்சடிக்கும் வேளையில் டைப்ரைட்டர் பழுதாகிவிட, எஞ்சியதைக் கையாலேயே எழுதி முடித்தார்கள். பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கிய அந்தப் பதிலைக் கெடு முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் பிரதம மந்திரி பாஷிச் தாமே எடுத்துச் சென்று ஆஸ்திரியத் தூதர் கீஸ்லிடம் சேர்ப்பித்தார். தூதரின் மூட்டை முடிச்சுகள் முன்பே கட்டப்பட்டிருந்தன. பதிலைப் பார்த்தவுடன், உறவு முறிந்தது என்று தயாராக வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, அரைமணி நேரத்துக்குள் ரயிலேறிவிட்டார். அதே பதிலை 28-ஆம் தேதி காலையில் படித்த கெய்ஸர், இனி யுத்தத்துக்குக் காரணமே இல்லை என்று குறித்து வைத்தார். அன்றைய தினமே ஆஸ்திரியா ஸெர்பியாவுக்குத் தந்தி மூலம் யுத்தம் அறிவித்துவிட்டது.

இதுவரையில் இது இரண்டு நாடுகளின் சண்டை. ஆனால் ஸெர்பியாவுக்கு இனத்தாலும் மதத்தாலும் உறவு கொண்டாடிய ருஷ்யா சும்மா இருக்கவில்லை. ருஷ்யாவுக்கும் பிரான்ஸுக்கும் 1894 முதல் ஒப்பந்தம் இருந்தது. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை. உறவினரான ருஷ்யச் சக்கரவர்த்தி ஜாரும் கெய்ஸரும் நிக்கி என்றும் வில்லி என்றும் கையொப்பமிட்டு, சமாதானம் வேண்டித் தந்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 29-ஆம் தேதி, சேனை முழுவதையும் திரட்டும் உத்தரவுக்கு இணங்கிய ஜார், கெய்ஸரின் தந்தி கண்டு இரவில் அதை நிறுத்தினார். மறுநாள் வெளிநாட்டு மந்திரி ஸஸோனாவ் நெடுநேரம் மன்றாடிய பின் மீண்டும் சம்மதித்தார். இன்னொரு தடவை உத்தரவை மாற்றச் சொல்லி அழைப்பு வராதபடி, சம்மதம் கிடைத்ததும் டெலிபோனை உடைத்துவிடுவேன் என்று சேனைத் தலைவர் யனுஷ்கேவிச் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே செய்துவிடலாம் என்று மந்திரி அவருக்குச் செய்தி சொன்னார்.

சேனை திரட்டுவதென்றால் என்ன என்பதை இங்கே மாணவர்கள் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கான மனிதர்களையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் எந்த ரயிலில் எந்த நேரத்தில் எந்த ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்ப்பது என்பது பல வருஷங்கள் உழைத்துத் தயாரித்த கால அட்டவணையில் அடங்கியிருந்தது. ஷ்லீபென் பிரபு வகுத்த ஜெர்மானியத் திட்டமோ, முதலில் பெல்ஜியத்தின் வழியே புகுந்து ஆறு வாரத்தில் பிரான்ஸை வீழ்த்தி, பிறகு கிழக்கே திரும்பி ருஷ்யாவை எதிர்ப்பது; ஆகையால் ருஷ்யா திரட்டத் தொடங்கினால் ஜெர்மனிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஆகஸ்டு 1-ஆம் தேதி ஜெர்மனி ருஷ்யாவின்மீது யுத்தம் அறிவித்தது. அன்றே, பிரான்ஸ் தாக்கப்படாவிட்டால் இங்கிலாந்து விலகியிருக்கும் என்ற பொருள்பட லண்டனிலிருந்து தந்தி வர, கெய்ஸர் மகிழ்ந்து, சேனை முழுவதையும் கிழக்கே திருப்பலாமே என்றார். திட்டத்தை அப்படி மாற்ற முடியாது என்று மறுத்துவிட்டார் தலைமைச் சேனாதிபதி மோல்ட்கே. தேர் ஓடும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆள் வைத்திருக்கிறோம். இந்தத் தேர்களைக் கட்டியவர்கள் முட்டுக்கட்டை செய்யவே இல்லை. லண்டன் தந்தி தந்தது தவறான நம்பிக்கை என்று அன்றிரவே தெளிவாகிவிட்டது.

பெல்ஜியத்தின் நடுநிலைமையைக் காப்பதாக 1839-இல் பிரிட்டனும் பிரஷ்யாவும் உள்ளிட்ட வல்லரசுகள் கையெழுத்திட்டிருந்தன. வழிவிடக் கேட்ட ஜெர்மனிக்குப் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் மறுப்புக் கூற, ஆகஸ்டு 4 காலையில் ஜெர்மானியப் படை எல்லை தாண்டியது. இங்கிலாந்து விதித்த கெடு அன்றிரவு 11 மணிக்கு முடிந்தது. அந்த மந்திரிசபையில் யுத்தத்துக்கு உடன்படாமல் ராஜிநாமாச் செய்த இருவரில் ஒருவர் ஜான் மார்லி. 1909-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தால் நம் நாட்டாருக்கு நன்கு அறிமுகமான அவருடைய பெயரை இவ்விடத்தில் மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன்.

பிரிட்டன் இறங்கியதும் இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அறிவித்தார். இந்நாட்டு ஜனங்களை எவரும் கலந்துகொள்ளவில்லை. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. பீதியடைந்த ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியூர்களுக்குப் புறப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து இந்தியச் சேனையின் முதல் அணிகள் பிரான்ஸின் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. பஞ்சாபிலும் கார்வாலிலும் நேபாளத்திலும் உழவர் குடும்பங்களில் பிறந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அக்டோபர் முடிவதற்குள் பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கருகே போர்முனையில் நின்றார்கள்.