மலைத் திமிங்கிலம்: ஜப்பானிய இறைச்சிப் பெயர்களும் தகுதி வழக்கும்

எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், காட்டு விலங்குகளின் இறைச்சியை விற்ற கடைகள் ‘மொமொன்ஜியா’ எனப்பட்டன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் ‘யாமாகுஜிரா’ என்னும் சொல் காணப்பட்டது. ‘யாமா’ என்பது மலை. ‘குஜிரா’ என்பது திமிங்கிலம். மலைத் திமிங்கிலம் என்று அங்கே விற்கப்பட்டது காட்டுப்பன்றி இறைச்சியே. அக்கால ஜப்பானியர் திமிங்கிலத்தை மீனினத்தில் சேர்த்திருந்தனர். அதனைக் குறிக்கும் எழுத்தின் இடப்பகுதி மீனைக் குறிக்கும் உறுப்பாகும். மீன் உண்பதற்கு விலக்கில்லை. ஆகவே மலையில் திரியும் ‘மீனையும்’ உண்ணலாம் என்னும் வாதம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது.

இத்தகைய பெயர்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் எளியது. பௌத்தம் புலாலை மறுத்தது. அரசு தடை விதித்தது. மக்கள் பெயரை மாற்றிக்கொண்டு உண்டனர் என்பர். தடையாணையின் வாசகத்தை நோக்கினால் இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. பேரரசர் தென்மு 675இல் பிறப்பித்த ஆணை ‘நிஹோன் ஷோகி’ என்னும் வரலாற்று நூலில் இடம்பெற்றுள்ளது. அவ்வாணை விலக்கியவை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்து மட்டுமே. அதுவும் நான்காம் திங்கள் முதல் ஒன்பதாம் திங்கள் வரை, அதாவது நெல் விளையும் பருவத்திற்கே அத்தடை உரியதாக இருந்தது. காட்டுப்பன்றியும் மானும் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மாற்றுப் பெயர்களுள் புகழ்பெற்றவை இவ்விரண்டிற்கும் உரியவையே. பின்னைய நூற்றாண்டுகளில் வலுப்பெற்ற தீட்டுக் கோட்பாடே இதற்கு நெருங்கிய காரணமாகத் தோன்றுகிறது. விலங்கிறைச்சி உண்டவர் குறித்த நாள்கள் கழியும்வரை கோயிலுக்குச் செல்லலாகாது என்னும் விதிகள் அக்கோட்பாட்டின்வழி வந்தவை. சட்டத்திற்கு அஞ்சியதைவிடச் சொல்லக் கூசியதே மிகுதி எனலாம்.

பெயர்களின் அமைப்பு மொழியியலாருக்குச் சுவை தருவது. பன்றி இறைச்சிக்கு ‘போத்தான்’ என்னும் பூவின் பெயரும் உண்டு. மெல்லிய சீவல்களைத் தட்டில் அப்பூவின் இதழ்போல் அடுக்குவதனால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். ஓவிய மரபில் சிங்கத்தோடு அப்பூவை இணைத்து வரைவர். சிங்கத்தைக் குறிக்கும் ‘ஷிஷி’ என்னும் சொல் பன்றியையும் நினைவூட்டுவதால் வந்தது என்பர் மற்றொரு சாரார். மான் இறைச்சி ‘மொமிஜி’, அதாவது சிவந்த இலைகளையுடைய மேப்பிள் மரம். மானும் அம்மரமும் இணைந்து வருவது பாடலிலும் சீட்டுக்கட்டிலும் நெடுநாள் மரபு. குதிரை இறைச்சி ‘சகுரா’ என்னும் செர்ரிப்பூ. கோழி இறைச்சி ‘காஷிவா’ என்னும் மரத்தின் பெயர் பெற்றது. இவற்றைவிடத் தொன்மையான சான்று ஒன்றுண்டு. காட்டுப்பன்றியைக் குறிக்கும் ‘இனோஷிஷி’ என்னும் சொல்லே ‘இ’ என்னும் விலங்கின் ‘ஷிஷி’, அதாவது இறைச்சி, என்று பிரியும். உயிருள்ள விலங்கின் பெயரிலேயே அதன் ஊன் உறைந்துள்ளது. உண்ணாத மக்கள் இவ்வாறு பெயரிட்டிருக்க மாட்டார்கள்.

இப்பெயர்களை எவ்வகையில் சேர்ப்பது? நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். கள்ளைச் ‘சொல்விளம்பி’ என வழங்குவதைக் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டுவதால், மலைத் திமிங்கிலத்தையும் அவ்வகையில் அடக்கத் தோன்றும். ஆனால் குழூஉக்குறி பிறர் அறியாமைப் பொருட்டு வழங்குவது. ஹிரோஷிகேயின் எடோ நகர்க் காட்சி வரிசையில் 1858இல் வெளியான பிக்குனிப் பாலத்துப் பனிக்காட்சியில் ‘யாமாகுஜிரா’ என்பது தெருவோரப் பலகையில் பெரிய எழுத்தில் நிற்கிறது. எல்லாரும் படிக்கத் தொங்கும் பலகையில் மறைவு ஏது? அறிந்ததை அறிந்தவாறே சொல்லாமை இடக்கரடக்கல். இப்பெயர் அதன்பாற்படும் என்பதே பொருத்தம்.

‘குசுரிகுய்’ என்னும் சொல் இதனினும் வேறானது. ‘மருந்து உண்ணல்’ என்பது அதன் நேர்ப்பொருள். குளிர்காலத்தில் உடல்வலிமைக்காக இறைச்சி உண்பதை அது குறித்தது. ஹைக்கூ மரபில் அது குளிர்காலத்திற்குரிய பருவச்சொல்லாகவும் நிலைபெற்றது. ஹிகோனே சிற்றரசு பதப்படுத்திய மாட்டிறைச்சியை மருந்துக் குளிகையின் பெயரிட்டு வழங்கியது. இங்கு மாறியது பொருளின் பெயரன்று, செயலின் பெயர். நன்னூலின் மூன்று வகைக்குள்ளும் இது எளிதில் அடங்காது.

1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1871 முதல், கனாகாகி ரோபுன் மாட்டிறைச்சிக் கடைக்கு வருவோரை நகையாடும் ‘அகுரானாபே’யை வெளியிடத் தொடங்கியிருந்தார். மாட்டிறைச்சி நாகரிகத்தின் அடையாளமாயிற்று. பழைய பெயர்களோ அழியவில்லை; போத்தானும் சகுராவும் இன்று உணவகங்களில் விளம்பரப் பெயர்களாக வாழ்கின்றன.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் இங்கேதான் தொடங்குகிறது. எடோ காலக் கதையில் வரும் யாமாகுஜிராவைக் ‘காட்டுப்பன்றிக் கறி’ எனப் பெயர்த்தால் பேசுவோரின் கூச்சமும் குறும்பும் ஒருங்கே மறையும். அங்கே ‘மலைத் திமிங்கிலம்’ என்றே இருத்தல் வேண்டும். உணவகப் பட்டியலிலோ நிலை நேர்மாறானது. சகுராவைச் ‘செர்ரிப்பூ இறைச்சி’ என்று மட்டும் எழுதினால் குதிரை இறைச்சியை விலக்கியவர் அறியாது உண்ண நேரும். மீனுக்கு இந்தியில் ‘ஜல்தோரீ’ என்றொரு பெயருண்டு. அதனை ‘நீர்ப்பீர்க்கு’ என்று தமிழாக்குவோருக்கும் இவ்விரண்டு நிலைகளும் எதிர்ப்படும். தமிழில் ‘இறைச்சி’ என்பது புலாலை மட்டுமன்றித் தொல்காப்பியத்தில் குறிப்புப் பொருளையும் சுட்டும் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முயலின் நிலை இன்னும் கடினமானது. எண்ணும் முறையே மாறியது. விலங்குகளை எண்ணும் சொல்லை விடுத்து, பறவைகளுக்குரிய ‘வா’ என்னும் ஒட்டினைச் சேர்த்து முயலை எண்ணுவர். இரண்டு கால்களில் தாவுவதால் துறவியர் அதனைப் பறவையாகக் கருதினர் என்பது ஒரு கதை. ‘உசாகி’ என்னும் பெயரை ‘உ’ என்னும் நீர்க்காகமாகவும் ‘சாகி’ என்னும் கொக்காகவும் பிரித்தனர் என்பது மற்றொரு கதை. இரண்டும் பின்னர்ப் புனைந்தவையாகலாம். தமிழில் எண்ணொட்டுகள் இவ்வாறு இனம் பிரிப்பதில்லை. ‘இரண்டு முயல்’ என்று எழுதியவுடன் பறவை பறந்துவிடுகிறது. அதனைப் பிடித்து நிறுத்த அடிக்குறிப்பைத் தவிர வேறு கருவி தமிழில் இல்லை.