மெல்பா லிஸ்டன்: ட்ராம்போன் கைவிட்டுப் போன பிறகும் நிற்காத இசை!

ட்ராம்போன்ல ட்ரம்பெட் மாதிரி அழுத்துறதுக்கு பட்டன் கிடையாது. நீளமான பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரம் பிடிக்கணும். மொத்தம் ஏழு இடங்கள். எது எங்கேன்னு உங்க காதும் கையும்தான் கண்டுபிடிக்கணும். கடைசி இடத்துக்குக் கை முழுசா நீளணும். இந்தக் கருவியை ஏழு வயசில் ஆசைப்பட்டுக் கையில் எடுத்த சிறுமிதான் மெல்பா லிஸ்டன்.

1926-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். டீன் ஏஜிலேயே ஜெரால்ட் வில்சனின் ஜாஸ் பேண்டில் சேர்ந்தார். வாசிக்கிறது மட்டுமில்ல, பேண்டில் எந்தக் கருவி எப்போ, என்ன வாசிக்கணும்னு எழுதுற 'அரேஞ்ச்மென்ட்' வேலையும் கைவந்தது. பாடலைக் கேட்கிற நமக்கு இந்த ஆளோட பெயரே தெரியாதுங்கிறதுதான் அந்த வேலையின் சோகம்.

1949-ல் பாடகி பில்லி ஹாலிடேயோடு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு டூர் போனார். கூட்டம் வரல. வெறுத்துப்போய் இசையை விட்டுட்டு, லாஸ் ஏஞ்சலஸ் கல்வித்துறையில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்துட்டார். நடுவில் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்திலும் தலைகாட்டினார்.

1956-ல் டிஸ்ஸி கில்லெஸ்பி கூப்பிட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாடு செய்த வெளிநாட்டு டூர் அது. "பொண்ணு எதுக்கு?"ன்னு பேண்டிலிருந்த சிலர் முணுமுணுத்திருக்காங்க. மெல்பா எழுதிட்டு வந்த இசையை வாசிக்க ஆரம்பிச்சதும் முணுமுணுப்பு அடங்கிடுச்சு. இது அவரே பின்னாளில் சொன்ன கதை. டூர்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் அவர் பேட்டியில் சொல்லியிருக்கார். திறமை இருந்தா எல்லாம் சரியாகிடும்னு யாராவது சொன்னா, இதையும் சேர்த்து யோசிங்க.

1958-ல் 'மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்' ஆல்பம். 'போன்' என்பது ட்ராம்போனின் செல்லப் பெயர். தன் பெயரில் அவர் தலைமை தாங்கிய ஆல்பம் இது ஒண்ணுதான். ஆனா, பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனுக்காக அவர் எழுதியது ஏராளம். 1960-ல் பதிவான 'உஹுரு ஆஃப்ரிக்கா' ஆல்பத்தைத் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு தடையே செய்தது.

எழுபதுகளில் ஜமைக்காவில் இசை சொல்லிக்கொடுத்தார். 1985-ல் பக்கவாதம். அதுக்கப்புறம் ட்ராம்போனை வாசிக்க முடியல. அப்பவும் கம்ப்யூட்டர் உதவியோடு எழுதினார். 1987-ல் அமெரிக்காவின் உயரிய 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம் கிடைச்சது. தொண்ணூறுகளில் வெஸ்டனோடு மறுபடியும் ஆல்பங்கள். 1999-ல் லாஸ் ஏஞ்சலஸில் மறைந்தார்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டா, 'ப்ளூஸ் மெல்பா'. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.