துப்பாக்கிக் குழலின் உள்வடிவமும் புறவணியும்

பழம்பொருட் காட்சிச்சாலைகளில் வைக்கப்பெற்றுள்ள துப்பாக்கிகளைக் காண்போர் அவற்றின் புறத்தோற்றத்தையே பெரிதும் நோக்குவர். கட்டையில் இழைத்த தந்தமும் மான்கொம்பும், விசைத்தகட்டில் செதுக்கிய வேட்டைக் காட்சிகளும், குழலின்மேற் பூசிய பொன்னும் கண்ணைக் கவர்வன. அவற்றிற்கு எழுதப்பெறும் குறிப்புக்களும் பெரும்பாலும் இவற்றையே விரித்துரைக்கும். குழலின் உட்புழையைப் பற்றி அதன் விட்ட அளவு ஒன்றே கூறப்பெறும். அழகு புறத்தே உள்ளது, பயன் அகத்தே உள்ளது என்னும் எண்ணமே இம்முறைக்கு அடிப்படையாகும். இவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும், தோன்றிய துப்பாக்கிகள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்னும் கருவிப்பெயர் தமிழில் பிற்காலத்தே வந்து வழங்கியது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அதே வடிவில் நிற்கும் சொல் உணவை உண்டாக்குதலைக் குறிப்பது; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். துருக்கியர் இக்கருவியைத் 'தூஃபெக்' என்பர். இதனோடு இனமாகிய பாரசீகச் சொல் 'துஃபங்' என்பதாகும். அது முதலில் வாயால் ஊதிக் குண்டு எறியும் குழலை உணர்த்தியது என்பர். எனவே, பெயரின் வேரிலேயே குழல் என்னும் பொருள் அடங்கியிருக்கின்றது. கட்டையும் விசையும் குழலுக்குத் துணையாக அமைந்தனவே.

குழலின் உட்புறத்தில் திருகுச் சுற்றாக வெட்டப்பெறும் பள்ளங்களைப் 'புரி' என்றும், அவற்றையுடைய குழலைப் 'புரிகுழல்' என்றும், பள்ளமின்றி வழுவழுப்பாக உள்ளதை 'மென்குழல்' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

புறவணியின் பணி

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒரு சிறந்த வேட்டைத் துப்பாக்கி பலர் கைப்பட்டு உருவாயிற்று. குழலை ஒருவர் அடித்தார். விசையை மற்றொருவர் அமைத்தார். கட்டையை வேறொருவர் கடைந்து இழைத்தார். செதுக்குவேலை இன்னொருவரிடம் சென்றது. பவேரியா நாட்டு அரசவைக்காக மியூனிக் நகரில் பணிபுரிந்த இம்மானுவேல் சடேலர், தானியேல் சடேலர், அவர்களுக்குப் பின் வந்த காஸ்பர் ஸ்பேட் ஆகியோர் எஃகைச் செதுக்குவதிற் பெரும்புகழ் பெற்றவர்கள். பொன்தளத்தின்மேல் நீலமேற்றிய எஃகு உருவங்கள் புடைத்து நிற்குமாறு அவர்கள் செய்தனர்.

இத்தகைய அணி வீண் ஆரவாரம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஒரு துப்பாக்கி யாருடையது, யாருக்கு யார் அளித்தது என்பவற்றை அது அறிவித்தது. திப்பு சுல்தானுடைய துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்று. அவற்றின் குழலிற் புலிவரிகள் பொறிக்கப்பெற்றன. விசையின் உறுப்புக்கள் புலி வடிவில் வார்க்கப்பெற்றன. புலி மைசூர் அரசின் குறியாக விளங்கியது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை ஆங்கிலேயரால் வெற்றிப் பொருளாகக் கொண்டுசெல்லப்பெற்றதற்கும் அக்குறியே ஒரு காரணம். புறவணி பேசும் தன்மையுடையது என்பது இதனால் விளங்கும். அதுபோன்றே உட்புழையும் ஒரு காலத்திற் பேசியது என்பதே இனிக் காட்டப்பெறுவது.

புரியின் தொடக்கமும் நம்பிக்கையும்

புரிகுழல் 16ஆம் நூற்றாண்டிற்குள் ஜெர்மானிய நாடுகளில் வழக்கிற்கு வந்துவிட்டது. அது வேட்டைக்கும் குறிபார்க்கும் போட்டிக்குமே பெரிதும் பயன்பட்டது. குண்டு புழையோடு இறுகப் பொருந்த வேண்டியிருந்தமையால் அதனை வாய்வழியே இடித்து இறக்குதற்குக் காலம் மிகுந்தது. ஆகவே படைகள் மென்குழலையே கையாண்டன.

அக்காலப் புரிகளின் வடிவங்கள் பலவாக இருந்தன. பள்ளங்களின் எண்ணிக்கையும் ஆழமும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. சில குழல்களின் வாயை நேர்நின்று நோக்கின் விண்மீன் போன்றும் மலரிதழ் போன்றும் தோன்றும். எவ்வடிவம் சிறந்தது என்பதற்கு அளந்தறிந்த காரணம் எதுவும் அந்நாளில் இல்லை. சுழலும் குண்டு ஏன் நேரே செல்கின்றது என்பதே விளங்காதிருந்தது. சுழலும் பொருளின்மேல் தீய ஆவி அமர்ந்து அதனை வழிமாற்ற இயலாது எனச் சிலர் கூறினர் என்றும், அவ்வாவியே குண்டைக் குறிக்கு இட்டுச்செல்கின்றது என வேறு சிலர் அஞ்சினர் என்றும் துப்பாக்கி வரலாற்று நூல்கள் உரைக்கும். இவ்விரு கூற்றும் ஒன்றற்கொன்று முரண்படினும், காரணம் அறியாத இடத்தை நம்பிக்கை நிரப்பிற்று என்பதை இரண்டும் ஒருங்கே காட்டுகின்றன. கைவினைஞன் கட்டைக்கு மலர் வரைந்த அதே மனநிலையோடு புழைக்கும் வடிவம் தேர்ந்தான் என்று கொள்வது பொருந்தும்.

பக்கிளின் சதுரக் குண்டு

உள்வடிவம் நம்பிக்கையை வெளிப்படையாகவே சுமந்ததற்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. இலண்டனில் வழக்கறிஞராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய ஜேம்ஸ் பக்கிள் என்பார் 1718ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்று கால்களின்மேல் நிற்கும் அதற்கு ஒரே குழலும், அதன்பின் கையாற் சுழற்றத்தக்க உருளையும் உண்டு. உருளையின் அறைகளில் முன்னரே மருந்தும் குண்டும் நிரப்பி ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். 1722இல் நிகழ்ந்த ஒரு காட்சியில் மழைக்கிடையே 7 நிமிடங்களில் 63 முறை சுடப்பெற்றதாக அக்காலச் செய்தி கூறும். ஒரு நிமிடத்தில் மும்முறை சுடுவதே போர்வீரர்க்கு அரிதாயிருந்த காலம் அது.

எனினும் நம் ஆராய்ச்சிக்கு உரியது அதன் விரைவன்று. காப்புரிமைப் படத்தில் இருவகை உருளைகள் காட்டப்பெற்றுள்ளன. வட்ட அறைகளையுடையது கிறித்தவப் பகைவர்மேல் உருண்டைக் குண்டு எறிதற்கு. சதுர அறைகளையுடையது துருக்கியர்மேல் சதுரக் குண்டு எறிதற்கு. சதுரக் குண்டு மிகுதியும் துன்புறுத்தும் என்பது கருத்து. நாட்டையும் மன்னரையும் சீர்திருத்தக் கிறித்தவத்தையும் காத்தலே இக்கருவியின் பயன் என்னும் செய்தியும் அப்படத்திலேயே செய்யுளாகப் பொறிக்கப்பெற்றது. தமிழ்ப் பெயர்க்கு மூலந்தந்த மொழியினர் இச்சதுரத்திற்கு இலக்காயினர் என்பது நினைவுகூரத்தக்கது.

சதுரக் குண்டு காற்றில் நேரே செல்லாது. ஆகவே போர்முறையில் அதனால் விளையும் ஊதியம் யாதும் இல்லை. அவ்வடிவம் செய்த பணி ஒன்றே: எதிரில் நிற்பவன் தன்னையொத்த மனிதன் அல்லன் என்று கூறுதல். கட்டையில் பொறிக்கும் குலக்குறி உரியவனைப் பெருமைப்படுத்தியது. அறையின் சதுரம் பகைவனைச் சிறுமைப்படுத்தியது. இரண்டும் அணியே. ஆயின் பின்னதன் கொடுமை அதன் எளிய வடிவத்தில் மறைந்துகிடக்கின்றது. பக்கிளின் கருவியைப் படை வல்லுநர் ஏற்கவில்லை. மாண்டேகு கோமகன் தம் செயின்ட் லூசியாத் தீவுப் பயணத்திற்காக இரண்டு வாங்கினார் என்பதே அதன் வணிக வரலாற்றிற் குறிக்கத்தக்கது.

ராபின்ஸின் விளக்கம்

புழையின் வடிவத்தை நம்பிக்கையினின்றும் பிரித்துக் கணக்கின்பாற் படுத்தியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் 1742இல் வெளியிட்ட நூல் பீரங்கிக் கலைக்குப் புதிய அடிப்படை அமைத்தது. அதனை 1745இல் கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் விரிவுரையோடு பெயர்த்தார். தொங்கும் கட்டையிற் குண்டைப் பாய்ச்சி, கட்டை ஆடும் அளவால் குண்டின் விரைவை அளக்கும் முறை அவர் கண்டது.

மென்குழலின் குண்டு வழிமாறுவதற்குக் காரணம் அது புழையின் சுவரில் உரைந்து தாறுமாறாகச் சுழல்வதே என்றார் அவர். இதனை மெய்ப்பிக்க ஒரு குழலின் முனையை இடப்புறம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் எதிர்பார்ப்பிற்கு மாறாக வலப்புறம் திரும்பிற்று. வளைந்த குழலின் வலச்சுவரில் உரைந்தமையாற் பெற்ற சுழற்சியே அதனைத் திருப்பியது. புரிகுழலிலோ சுழற்சியின் அச்சு செல்லும் திசையிலேயே அமைகின்றது. அதனால் வழி மாறுவதில்லை. 1747இல் புரிகுழல் பற்றி எழுதியபோது, இதன் இயல்பை முற்றும் உணர்ந்து தன் படைக்கு அளிக்கும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்றும் அவர் முன்னறிந்து கூறினார்.

இவ்வறிஞரின் இறுதி தமிழ்நாட்டோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியா வந்த ராபின்ஸ், 1751ஆம் ஆண்டு சூலையில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் உயிர் நீத்தார். அவர் கூறிய முன்னறிவு நிறைவேற அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நீள்வட்டமும் அறுகோணமும்

19ஆம் நூற்றாண்டில் புழை வடிவங்கள் மீண்டும் பலவாயின. ஆயின் இம்முறை அளவுகோலைக் கொண்டு. 1830களின் இறுதியில் ஆங்கிலப் படையிற் புகுந்த பிரன்ஸ்விக் துப்பாக்கிக்கு இரண்டே பள்ளங்கள். அவற்றிற் பொருந்துமாறு குண்டைச் சுற்றி ஒரு பட்டை வார்க்கப்பெற்றது. புழை கரி படிந்தபின் அதனை இறக்குதல் அரிதாயிற்று. இலண்டன் துப்பாக்கி வினைஞராகிய சார்லஸ் லங்காஸ்டர் பள்ளங்களையே நீக்கி, புழை முழுவதையும் சுழன்று செல்லும் நீள்வட்டமாக்கினார். நெட்டச்சிற்கும் குற்றச்சிற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதாதலின் அது மென்குழல் போலவே தோன்றும். அம்முறையில் அமைந்த 1855ஆம் ஆண்டுத் துப்பாக்கி அரசப் பொறியாளர் படைக்கு அளிக்கப்பெற்றது.

ஜோசப் விட்வொர்த் 1854இல் அறுகோணப் புழைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மான்செஸ்டர் நகரத்துப் பொறிவல்லார். திருகாணிகளின் புரிகளுக்கு 1841இல் பொது அளவு வகுத்தவர். துப்பாக்கியை ஆராய்வதற்கெனத் தம் இல்லத்தருகே 500 கசம் நீளமுள்ள மூடிய கூடம் ஒன்று கட்டினார். அந்நாளையப் படைத்துப்பாக்கியாகிய என்ஃபீல்டின் புழை 0.577 அங்குலம், புரி ஒரு சுற்று முடிய 78 அங்குலம் ஆயிற்று. விட்வொர்த் புழையை 0.451 அங்குலமாகக் குறைத்து, 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று அமைத்தார். அறுகோணக் குண்டு அறுகோணப் புழையில் திருகாணி போற் பொருந்திற்று. 1857ஆம் ஆண்டுச் சோதனையில் அது என்ஃபீல்டைப் பெரிதும் விஞ்சியது. 1860 சூலையில் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார், தாங்கியிற் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் பட்டுக்கயிற்றை இழுத்து 400 கசத் தொலைவில் இலக்கின் நடுவில் குண்டைப் பாய்ச்சினார்.

ஆயினும், விலை மிகுதியாலும் குறுகிய புழையில் கரி விரைந்து படிந்தமையாலும் படைத்துறை அதனை மேற்கொள்ளவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னவரின் குறிவீரர் அதனைக் கையாண்டனர். 1871இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் எழுகோணப் புழையிலும் அதன் குறுகிய விட்டத்திலும் விட்வொர்த்தின் கருத்தே வாழ்ந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் புழையும் அணியும் நெடுங்காலம் ஒரே மரபில் வளர்ந்தவை என்பது பெறப்படும். மலர்வடிவப் புரி காரணமறியாக் கைவினையின் விளைவு. பக்கிளின் சதுரம் சமயப் பகையின் விளைவு. விட்வொர்த்தின் அறுகோணம் அளவையின் விளைவு. ராபின்ஸின் ஆராய்ச்சிக்குப் பின்னரே உள்வடிவம் அணியினின்றும் பிரிந்தது. எனவே, பழந்துப்பாக்கி ஒன்றைப் பதிவு செய்வோர் புறவணியை வருணித்தலோடு அமையாது, குழல்வாயை நேர்நோக்கிப் புழையின் குறுக்குவெட்டு, பள்ளங்களின் எண், சுற்றின் நீளம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். பொன்னும் தந்தமும் அதனை உடையவன் யார் என்பதைக் கூறும். அவன் எதனை அறிந்திருந்தான், எதனை நம்பினான், யாரை மனிதன் என எண்ண மறுத்தான் என்பவற்றைப் புழையே கூறும்.