பாதை முடிந்த இடம்: ஈரி இருப்புப்பாதையும் சிக்காகோவின் டியர்பார்ன் நிலையமும்

ஓர் இருப்புப்பாதை எவ்விடத்தில் முடிவடைய வேண்டும் என்பதை நில அமைப்பு மட்டுமே தீர்மானிப்பதில்லை. கடலும் மலையும் தடுக்காத சமவெளியிலும் பாதைகள் முடிந்திருக்கின்றன. அங்கெல்லாம் சட்டமும் முதலீடும் போட்டியும் எல்லைக்கல் நாட்டியுள்ளன. அவ்வாறு நாட்டப்பட்ட எல்லையின் சுமையை யார் சுமந்தனர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குச் சான்றாக, இன்று மறைந்துபோன அமெரிக்க ஈரி இருப்புப்பாதையையும், அதன் மேற்கு முனையாக விளங்கிய சிக்காகோவின் டியர்பார்ன் நிலையத்தையும் இங்கு ஆராய்வோம்.

1825இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதிக்குச் செழிப்பைக் கொணர்ந்தது. அதன் பயனைப் பெறாத தென்பகுதி மாவட்டங்கள் தங்களுக்கும் ஒரு வழி வேண்டுமென்று வற்புறுத்தின. அதன் விளைவாக 1832இல் ஈரி நிறுவனத்திற்கு மாநிலச் சட்டமன்றம் உரிமைப் பட்டயம் வழங்கியது. தம் மாநிலத்தின் வணிகம் அண்டை மாநிலங்களுக்குச் சென்றுவிடலாகாது என்ற அச்சம் அதன் தொடக்க விதிகளிலேயே காணப்பட்டது. பாதை நியூயார்க் மாநிலத்திற்குள்ளேயே அமைய வேண்டும் என்பது நோக்கம். ஆகவே கிழக்கு முனை நியூயார்க் நகரில் அமையாமல், அதற்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பியர்மான்ட் என்ற சிற்றூரில் அமைந்தது. மேற்கு முனை ஈரி ஏரிக்கரையிலுள்ள டன்கர்க் என்னும் சிறு துறைமுகம். தண்டவாளங்களுக்கிடையே 6 அடி அகலம் விடப்பட்டது. பெரும்பாலான பிற பாதைகளோ 4 அடி 8½ அங்குல அகலத்தைக் கைக்கொண்டு வந்தன. ஆகவே அவற்றின் பெட்டிகள் ஈரியில் ஓட இயலவில்லை. ஈரியின் பெட்டிகளும் அவற்றில் ஓட இயலவில்லை.

ஏறக்குறைய 450 மைல் நீளமுள்ள இப்பாதை 1851 மே மாதத்தில் நிறைவுற்றது. திறப்பு விழாப் பயணத்தில் குடியரசுத் தலைவர் ஃபில்மோர் கலந்துகொண்டார். வெளியுறவு அமைச்சராயிருந்த டேனியல் வெப்ஸ்டர், வழியிலுள்ள காட்சிகளைக் காணும் பொருட்டுத் திறந்த பெட்டியொன்றின்மேல் ஆடும் நாற்காலியில் அமர்ந்து சென்றார் என்று கூறப்படுகிறது.

ஆனால் வணிகம் டன்கர்க்கில் நிற்கவில்லை. மேற்குச் சமவெளிகளின் தானியமும் கால்நடையும் சிக்காகோவில் வந்து குவிந்தன. அந்நகரை எட்டாத பாதைக்கு எதிர்காலமில்லை என்பது தெளிவாயிற்று. ஒகையோ மாநிலத்தில் வேறு நிறுவனங்கள் அமைத்த பாதைகளுடன் ஈரி இணைந்தது. 1880இல் தன் அகலப் பாதையைப் பொது அளவிற்கு மாற்றியது. தற்காப்பிற்கென்று எழுப்பிய சுவரைப் பெரும் பொருட்செலவில் தானே இடிக்க வேண்டியதாயிற்று. 1883இல் ஒகையோவின் மேரியன் நகரிலிருந்து இந்தியானாவின் ஹாமண்ட் நகர் வரை சிக்காகோ–அட்லாண்டிக் பாதை திறக்கப்பட்டதும், ஈரிக்குச் சிக்காகோ செல்லும் வழி கிடைத்தது.

நகருக்குள் நுழைவதற்கோ அதற்குச் சொந்தத் தண்டவாளம் இல்லை. சிக்காகோ–மேற்கு இந்தியானா என்னும் நிறுவனத்தின் பாதையையே அது பயன்படுத்தியது. அந்நிறுவனம் 1885 மே மாதத்தில் டியர்பார்ன் நிலையத்தைத் திறந்தது. சைரஸ் ஐட்லிட்ஸ் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர் ரோமனெஸ்க் பாணியில் வரைந்த செங்கற் கட்டடம் அது; முகப்பில் உயர்ந்த மணிக்கூண்டு நின்றது. 1922இல் நேர்ந்த தீ விபத்தில் கட்டடத்தின் செங்குத்தான கூரைகள் அழிந்தபோதிலும், கூண்டு எளிய வடிவில் நிலைபெற்றது. ஈரி, வாபாஷ், மோனான், கிராண்ட் டிரங்க், சிக்காகோ–கிழக்கு இலினாய், சாண்டா ஃபே ஆகிய நிறுவனங்களின் வண்டிகள் இங்கு நின்றன.

இவற்றுள் ஈரிக்கும் சாண்டா ஃபேக்குமுள்ள உறவு கவனிக்கத்தக்கது. கிழக்கிலிருந்து வந்த ஈரிக்கு இந்நிலையம் முடிவு. கலிபோர்னியா வரை சென்ற சாண்டா ஃபேக்கோ இதுவே தொடக்கம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தும், ஒன்றின் வண்டி மற்றொன்றின் பாதையில் தொடர்ந்து செல்லவில்லை. பிற நிலையங்களுக்குச் செல்ல வேண்டியவர்களின் நிலை இதனினும் கடினம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிக்காகோவில் ஆறு பெரிய நிலையங்கள் இருந்தன. நாட்டைக் கடந்து செல்வோர் ஒன்றில் இறங்கி, பார்மலி நிறுவனத்தின் வண்டிகளிலேறி, மூட்டை முடிச்சுகளுடன் மற்றொன்றை அடைய வேண்டும். மொழியறியாத குடியேறிகளும், குழந்தைகளைக் கையிற்பிடித்த தாய்மாரும், முதியோரும் இதற்கு விலக்கல்லர்.

1946இல் இருப்புப்பாதை முதலாளி ராபர்ட் யங் ஒரு விளம்பரம் வெளியிட்டார். பன்றி ஒன்று வண்டி மாறாமலே அமெரிக்காவைக் கடக்கலாம், மனிதனால் அது இயலாது என்பதே அதன் கருத்து. அவ்வாண்டிலேயே சில தூங்கும் பெட்டிகளைச் சிக்காகோ வழியாக நேரே அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. நெடுங்காலமாக இயலாதெனக் கருதப்பட்டது, நாடறிய நாணப்படுத்தியபின் இயலுவதாயிற்று. தடையாயிருந்தது தண்டவாளமன்று, மனமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அத்திருத்தம் காலந்தாழ்ந்தே வந்தது. நெடுஞ்சாலைகளும் விமானங்களும் பயணிகளை ஈர்த்துக்கொண்டன. 1960இல் ஈரி, லாக்கவானா நிறுவனத்துடன் இணைந்தது. 1970 ஜனவரியில் அதன் கடைசி நெடுந்தூரப் பயணி வண்டி ஓடியது. 1971இல் அமெரிக்கப் பயணி வண்டிகள் ஆம்டிராக்கிடம் சென்றபோது, டியர்பார்னிலிருந்து நெடுந்தூர வண்டிகள் நின்றுபோயின. 1972இல் பெருவெள்ளத்தின் சேதத்திற்குப்பின் ஈரி–லாக்கவானா நொடித்தது. 1976இல் அதன் பெரும்பகுதி கான்ரெய்ல் நிறுவனத்துள் அடங்கியது. இந்தியானா வழியாகச் சென்ற பாதையின் பெரும்பகுதி பின்னர்க் கைவிடப்பட்டது. நிலையத்தின் வண்டிக்கொட்டகையும் இடிக்கப்பட்டது. முகப்புக் கட்டடம் மட்டும் எஞ்சி, 1980களில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றவாறு செப்பனிடப்பட்டது. தண்டவாளங்கள் கிடந்த நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன.

நிறுவனங்களின் வரலாற்றைக் கற்கும் நாம், அவற்றின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடலாகாது. ஈரியின் வரலாற்றில் மாநிலத்தின் பொறாமையும், நிறுவனங்களின் போட்டியும், பழக்கத்தின் சோம்பலும் மாறி மாறி எல்லை வகுத்தன. வகுத்தோர் தம் இலாபத்தையும் நட்டத்தையும் கணக்கேடுகளில் எழுதிவைத்தனர். ஒரு நிலையத்திற்கும் மறு நிலையத்திற்குமிடையே மூட்டை சுமந்து நடந்தவர்களின் களைப்பு எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை. அதனைத் தேடிப் படிப்பதும் வரலாற்றாசிரியரின் கடமையே.