பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக் கொத்தளங்கள்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டப்பிடாரத்தை அடுத்து இருந்த பாளையக்காரர் மண்கோட்டை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தலைமையிடம். இன்று பயணிகள் பார்ப்பது 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. உள்ளே வரலாற்றுக் காட்சிகள் ஓவியங்களாக உள்ளன. அருகே பழைய அரண்மனையின் அடித்தளம் பாதுகாக்கப்படுகிறது. நினைவுக் கோட்டையின் மிடுக்கை வைத்துப் பழைய கோட்டையை எடைபோட முடியாது.

இங்கு நடந்த 1801 போரில் கலந்துகொண்ட கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பழைய கோட்டையைத் தம் நினைவுக்குறிப்புகளில் விவரித்திருக்கிறார். ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயர மண்சுவர். இடையிடையே சிறு சதுரக் கொத்தளங்கள், அவற்றில் சில பழைய பீரங்கிகள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது. ஐரோப்பியக் கோட்டைகளின் வானளாவிய கற்கோபுரங்களுக்கு முன் இது குட்டிச்சுவர்தான். ஆனால் பீரங்கிக் குண்டுக்குக் கல் சிதறும். இறுகிய களிமண்ணோ குண்டை விழுங்கிக்கொள்ளும்.

1799 செப்டம்பர் 5 அன்று கும்பினித் தளபதி பானர்மேனின் முதல் தாக்குதல் பலிக்கவில்லை. பிறகு கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற, கும்பினியார் அதை இடித்துத் தரைமட்டமாக்கினர். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்துக் கும்பினி அதிகாரி மெக்காலேயின் படை வந்து பார்த்தபோது சுவர்கள் எழுந்து நின்றன! கல்கோட்டையை அப்படி எழுப்பியிருக்க முடியாது.

மார்ச் 31 அன்று பீரங்கிகள் சுவரில் உடைப்பு ஏற்படுத்தின. ஆனால் அதன் உச்சியில் ஏறியவர்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கொத்தளங்களின் உட்புறம் குடைவாக இருந்தது. அதற்குள் பாதுகாப்பாக நின்றவர்கள் நீண்ட வல்லயங்களால் மேலே தலைகாட்டியவர்களைக் குத்திச் சாய்த்தனர். ஆள்சேதம் மிகுந்து படை பின்வாங்கியது. கும்பினித் தளபதி அக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. இம்முறையும் அதை இடித்தார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகவும் சொல்வார்கள்.

போரில் இறந்த கும்பினிப் படையினரின் கல்லறைகள் இப்பகுதியிலேயே உள்ளன. கோட்டைக்கு வருவோரில் பலர் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. கட்டபொம்மன் குலதெய்வமான வீரசக்கதேவியின் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் பெருங்கூட்டம் கூடுகிறது.