எய்யாத அம்பு: கீழைக்கரை மான்வேட்டையின் அறநெறி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேட்டையைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலும் வில்லின் வன்மையையே பாடினர். புறநானூற்றின் 152ஆம் பாடலிலே வன்பரணர், வல்வில் ஓரியின் அம்பு ஒன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கே வீழ்த்தியதாகக் காட்டுகின்றார். அம்பின் விசையைக் கண்டு வியக்கின்றோம். ஏனைய நான்கு உயிர்களும் குறிக்கு உள்ளானவைதாமா என்று வினவுவதில்லை. வில்லாளன் எதனை, எந்நிலையில், எவ்வளவு அண்மையில் நின்று எய்யலாம்? எப்போது வில்லைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்? இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அம்பாறைக் கரையோரத்தையும் அதன் பின்னிலக் காடுகளையும் முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரு பழங்கதைகளை நினைவுகூர்தல் தகும். மகாபாரதத்து ஆதிபருவத்திலே, கூடி நின்ற மானிணை மீது பாண்டு அம்பு எய்கின்றான். மானுருவில் இருந்த கிந்தம முனிவர் இறக்குந் தறுவாயில் அவனைச் சபிக்கின்றார். மானைக் கொன்றதற்காக அவர் அவனைக் குறைகூறவில்லை. அந்நிலை கழியும்வரை பொறுத்திராமையே அவர் கண்ட குற்றம். மற்றைய கதை ஈழத்துக்கே உரியது. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் மிகிந்தலை மலையடியில் வேட்டைக்குச் சென்ற தேவநம்பியதீசன், மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்றைக் கண்டான். தன்னை அறியாது நிற்கும் விலங்கைக் கொல்லுதல் தகாது என எண்ணி நாணொலி எழுப்பினான் என்றும், மான் ஓட, அதனைத் தொடர்ந்த மன்னன் மகிந்த தேரரைக் கண்டான் என்றும் மகாவம்சம் கூறும்.

அரசனின் செயல் பெருந்தன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேட்டைத் தொழிலை அறிந்தவன் இதனை வேறு விதமாகவே மதிப்பிடுவான். துவக்கின் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ வெட்டுக்காயத்தால் குருதியைப் போக்கியே கொல்லும். முன்னந்தோளுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலும் இருதயமும் அமைந்த இடத்தில் தைத்தால் மான் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ வீழும். வயிற்றில் தைத்தால் பல மணிநேரம் துடித்தலையும். நேர்முகமாக நிற்கும் மானின் நெஞ்செலும்பு அம்பைத் தடுத்துவிடலும் கூடும். ஆதலின் மான் பக்கவாட்டில், அல்லது சற்று அப்பால் திரும்பி, அச்சமின்றி நிற்கும் கணமே எய்வதற்குரியது. மரவில்லின் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 45 மீற்றர் செல்லும். ஒலியோ ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 20 மீற்றர் தொலைவில் அம்பு சேருமுன்னரே நாணொலி மானின் செவியை எட்டிவிடுகின்றது. விழிப்புற்ற மான் அக்கணமே உடலைத் தாழ்த்திப் பாயும். நுரையீரலைக் குறித்த அம்பு முதுகிலோ தொடையிலோ தைக்கும். அரசனின் அறம் மானுக்குத் தப்பும் வாய்ப்பை அளித்தது. வேடனின் அறம் மானுக்கு நோவு குறைந்த சாவை அளிக்க முனைந்தது. வேட்டையைக் கேளிக்கையாகக் கொண்டவன் வாய்ப்பை அளித்தல் இயலும். உணவுக்காக வேட்டையாடுபவன் காயப்பட்ட மானைக் காட்டுக்குள் இழத்தல் இயலாது.

இவ்வேடனின் அறம் வாழ்ந்த நிலம் நமக்கு அயலானதன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களுக்கு மேற்கே வயல்வெளி. அதற்கும் அப்பால் முன்னாளில் அடர்காடு. அக்காடுகள் வேடர்களின் வாழ்நிலமாயிருந்தன. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் வேடரின் வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். அவர்கள் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவில் வெட்டிய இலையையும் உடன்வைத்துச் செல்வராம். இலையாற் குறிக்கப்பட்ட அவ்வடிவு, அம்பின் வாய் எவ்வாறு அமையவேண்டும் என்பதில் அவர்கள் கொண்டிருந்த கவனத்தைப் புலப்படுத்தும். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு இன்றைய அம்பாறை மாவட்டத்தின் மேற்கு எல்லைக் காடுகளையும் தழுவியது. வேடரின் திறமை நெடுந்தொலைவுக் குறியில் அன்று, ஓசையின்றி விலங்கை அணுகுவதிலும் சுவடு தொடர்வதிலுமே தங்கியிருந்தது என்பது அவர்களை நேரிற் கண்டோரின் பொதுக்கருத்தாகும். அண்மையே அவர்தம் வேட்டையின் இலக்கணம். அணுக இயலாத மான் எய்தற்குரிய மானன்று.

கரையோர முஸ்லிம்களிடம் இதே வினா மார்க்கச் சட்டமாக அமைந்தது. வேட்டையாடற் சட்டம் இஸ்லாமிய சட்டநூல்களில் தனி அதிகாரமாகவே இடம்பெறுகின்றது. அம்பு தன் கூர்முனையால் துளைத்துக் கொன்றிருத்தல் வேண்டும். அகலப்பக்கம் மோதி அடிபட்டு இறந்த பிராணி ஆகுமானதன்று. பிராணி உயிருடன் கைக்கெட்டினால் முறைப்படி அறுத்தல் வேண்டும். காயப்பட்டது நீரில் வீழ்ந்து இறந்தால், கொன்றது அம்பா நீரா எனும் ஐயம் எழுவதால் விலக்கப்படும். காயப்பட்டு மறைந்த பிராணி பின்னர் இறந்து காணப்பட்டால், வேறு காயம் இல்லாதவிடத்து உண்ணலாம் என்பதற்கு அதீ இப்னு ஹாதிம் அறிவிக்கும் நபிமொழி சான்றாகும். எனினும் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் முக்கிய நூலாகிய இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’, கூடாது என்ற கருத்தையே வலுவானதாகக் குறிக்கின்றது. உயிருள்ளவற்றை வெறும் எய்குறியாக்குதலையும் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள். அறுக்குமிடத்தும் கத்தியைத் தீட்டிப் பிராணியின் நோவைக் குறைக்குமாறு பணித்துள்ளார்கள்.

இவ்விதிகளை வெறும் உணவு விலக்குகளாகக் கொள்ளுதல் குறைநோக்காகும். ஐயத்துக்குரிய சாவு விலக்கப்படுமாயின், ஐயத்துக்குரிய எய்தலால் பயனில்லை. நீரோரத்து மானை எய்ய எண்ணுபவன், அந்திப்பொழுதில் தொலைவில் நிற்கும் மானை எய்ய எண்ணுபவன், எய்யுமுன்னரே தயங்குவான். இறைச்சி பற்றிய விதி இவ்வாறு கையை அடக்கும் விதியாகின்றது. அன்றியும், வேட்டையாடுபவன் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருத்தல் வேண்டும் என்பதும் சட்டமாதலின், வேடரின் அம்பால் இறந்த மான் முஸ்லிமின் அடுக்களைக்கு ஆகுமானதன்று. தேன், மெழுகு என்பவற்றுக்கு அத்தடை இல்லை.

19ஆம் நூற்றாண்டிலே துவக்கு இவ்வொழுங்கைக் குலைத்தது. மட்டக்களப்புக்கும் ஊவாவுக்கும் இடைப்பட்ட காட்டுவெளிகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டை எண்ணிக்கைகளை நூலாக்கினார். மலைநாட்டில் மரையை நாய்களாலும் கத்தியாலும் வேட்டையாடுதலையே அவர் மேலானதாகக் கருதினார். தேவநம்பியதீசனின் அறமே ஈண்டும் ஒலிக்கின்றது; ஆயின் நெடுநேரம் துரத்தப்படும் விலங்கின் வேதனை அதன் கணக்கில் இடம்பெறவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1954இல் அமைந்த கல்லோயாத் தேசிய வனமும் பின்னிலத்தின் முகத்தை மாற்றின. காடு வயலாயிற்று, எஞ்சிய காடு காவற்காடாயிற்று. மிக அண்மையில் நின்று, தேவைக்கு எய்த வேடனும் சட்டத்தின் முன் குற்றவாளியானான்.

மான்களைக் காக்கச் சட்டம் வேண்டியதே. இன்று மானைக் கொல்லுதல் குற்றம். அவ்வாறே இருத்தலும் நன்று. ஆயின் களவு வேட்டையின் கருவிகள் யாவை? கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்குமே. இவற்றின் பின்னால் கண் இல்லை. குட்டியுடன் வரும் பிணையோ, மாடு தேடிச் செல்லும் சிறுவனோ, கம்பியில் கால் இடறிய எவரையும் அவை வீழ்த்தும். சுருக்கில் சிக்கிய விலங்கு எத்தனை நாள் துடிக்கும் என்பதைக் காண அங்கு எவரும் இருப்பதில்லை. பாண்டுவின் பிழை பொறாமை. கட்டுத்துவக்குக்காரனோ பொறுக்கவும் பொறுக்காதிருக்கவும் வேண்டிய கணத்திலே அவ்விடத்தில் இல்லவேயில்லை.

அரசன், வேடன், மார்க்க அறிஞர் மூவரும் ஒருவரோடொருவர் முரண்படினும் ஒன்றில் உடன்படுகின்றனர். கொல்பவன் தன் குறியைக் கண்ணாற் காணவேண்டும். ஐயம் எழுமிடத்து நாணைத் தளர்த்தவேண்டும். வில் வழக்கொழிந்த இக்காலத்திலும் அவ்வறம் வழக்கொழிய வேண்டியதில்லை. கீழைக்கரையின் வேட்டை வரலாற்றை எழுதுவோர் வீழ்ந்த மான்களை எண்ணுவதோடு அமையாது, எய்யப்படாத அம்புகளையும் எண்ணிப் பார்ப்பாராக.