இருட்புலத்தில் தெரிந்தவை

கார்பன் நானோகுழாயைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: ஜப்பானின் சுமியோ இஜிமா, 1991. அந்த ஆண்டு நேச்சர் இதழில் வெளியான அவரது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் நானோ அறிவியலின் போக்கையே மாற்றின. அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1976இல், நடுவில் நானோமீட்டர் அளவுக் குழாய் ஓடும் கார்பன் இழைகளின் படங்கள் ஒரு படிகவியல் ஆய்விதழில் அச்சாகியிருந்தன. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு பெண், பிரான்சைச் சேர்ந்த ஆன்யெஸ் ஒபெர்லின். உடன் எழுதியவர்கள் எண்டோ, கொயாமா என்ற இரு ஜப்பானியர்.

பென்சீனையும் ஹைட்ரஜனையும் ஏறக்குறைய 1100 டிகிரி செல்சியஸில் சிதைத்து வளர்த்த இழைகள் அவை. 1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் உருவாக்கிய கருவியின் வழிவந்த ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அவற்றை ஆராய்ந்தார்கள். வெற்றிடத்தில் பாயும் எலக்ட்ரான் கற்றை, மிக மெல்லிய மாதிரியை ஊடுருவி மறுபுறம் படமாக விழும். அந்தப் படம் மூலம் மட்டுமே. அதற்கு உரை எழுத ஒருவர் வேண்டும்.

அந்த உரைக்குக் கைகொடுத்தது இருட்புல முறை. நேராக வரும் கற்றையைத் தடுத்துவிட்டு, படிகம் ஒரு திசையில் சிதறடித்த எலக்ட்ரான்களை மட்டும் அனுமதித்தால், இருளுக்கு நடுவே அந்தப் பகுதி மட்டும் ஒளிரும். இப்படித்தான் நடுக்குழாயின் நுனியில், சுமார் 10 நானோமீட்டர் அளவில் இருந்த இரும்புக் கார்பைடு துகள் அடையாளம் காணப்பட்டது. குழாயின் விட்டம் 2 நானோமீட்டரிலிருந்து 50க்கு மேலும் இருந்தது. சுற்றிலும் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கார்பன் அடுக்குகள். உலோகத் துகளின் மேற்பரப்பில் கார்பன் பரவி இழை வளர்கிறது என்ற விளக்கத்தையும் மூவரும் முன்வைத்தார்கள்.

பெண் என்பதால்தான் ஒபெர்லின் மறக்கப்பட்டார் என்று எழுதிவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 1952இலேயே ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற சோவியத் அறிஞர்கள் இத்தகைய இழைகளின் படங்களை ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தார்கள். அவர்களை மறைத்தவை மொழியும் பனிப்போரும். 1985இல் ஃபுல்லரீன் கண்டறியப்பட்ட பிறகே கார்பனின் புதிய வடிவங்களுக்காக உலகம் காத்திருந்தது; இஜிமாவின் கட்டுரை அந்தத் தருணத்தில் வந்தது. 2006இல் கார்பன் ஆய்விதழின் தலையங்கமே, இப்பெருமை யாருக்கு உரியது என்று கேட்டது.

ஆனால் ‘முதலில் கண்டவர் யார்’ என்ற கேள்வியும் நேர்க்கற்றையைப் போன்றதுதான். அதன் வெளிச்சத்தில் ஒரு பெயர் துலங்கும். பார்க்கப் பயிற்றுவித்தவர்கள், படத்துக்குப் பொருள் சொன்னவர்கள், வேறு மொழியில் எழுதியவர்கள் மங்கிப்போவார்கள். நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்கில் அமர்பவரைக் ‘கருவியை இயக்குபவர்’ என்று நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடும் வழக்கமும் இந்தக் கேள்வியின் நிழலில்தான் வளர்கிறது. ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவிகள் கேள்வியின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றலாம்: இந்தப் படத்தை வாசித்தவர் யார்?